பெண்பிள்ளைக்கு எதற்குத் தனி ஜெபம்

அம்மா இறந்த செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். மைசூர் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர் நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெளியூருக்குப் பேச நினைக்கிற பலரும் அப்போது எங்கள் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊரான கொள்ளேகாலிலிருந்து வந்த அந்த அழைப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் போர்டுக்கு வந்தது. எதிர்முனையில் பேசியவன் என் தம்பி. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். எழுந்து வந்து என்னுடையதையும் கழற்றினாள். அவள் கன்னடக்காரி. என்னிடம் எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவாள். அன்றைக்கு மட்டும் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அம்மா போய்ட்டாங்க. நீ ஊருக்குப் போ" என்றாள்.

கொள்ளேகாலில் அடக்கம் முடிந்து திரும்பும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அழ இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. கல்லறையில் கூட்டம், தம்பி வீட்டில் கூட்டம், பஸ்ஸில் கூட்டம். மைசூருக்கு வந்தால் எங்கள் வீட்டிலும் கூட்டம். ஆறுதல் ஜெபம் என்று சபையார் திரண்டு வந்திருந்தார்கள். கஞ்சிராவும் கைத்தட்டலுமாக ஒருவர் மாற்றி ஒருவர் பாடினார்கள். நடுவில் என் கண் லேசாகக் கலங்கியதைப் பார்த்த ஒரு பெரியவர், "அழக்கூடாதும்மா. நம்பிக்கை இல்லாதவங்கதான் அழுவாங்க" என்றார். செத்தது என் அம்மா. அழலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கப்புறம் வர இருந்த கொஞ்சக் கண்ணீரும் வரவில்லை.

எங்கள் வீடு தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. விடிவதற்கு முன்பே பூ மூட்டையும் வெற்றிலைக் கட்டும் இறக்கும் சுமையாட்களின் சத்தம் ஆரம்பித்துவிடும். அது ஓய்கிற நேரத்தில் கீழே அண்டா குண்டாக்களை எடுத்து வெளியே அடுக்குவார்கள். வீட்டுக்குள் மாமனார், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், நாங்கள் இருவர், எங்கள் பெண் குழந்தை. இரண்டு அறைகள். இரண்டுக்கும் கதவு கிடையாது, திரைச்சீலைதான். தாழ்ப்பாள் போட்ட ஒரே கதவு குளியலறைக்கதவு. அதையும் கடைக்காரர் குடும்பத்தோடு பொதுவாகப் புழங்கினோம்.

வேலையிலோ காது நிறைய மனிதக் குரல்கள். வந்தால் வீட்டுச் சத்தம். எனக்கு ஆண்டவரிடம் கேட்க ஒரு விஷயம் இருந்தது. அம்மா நோயில் கிடந்தபோது நானும்தான் ஜெபித்தேன், சபையும்தான் ஜெபித்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று அவரிடமே நேராகக் கேட்டுவிட வேண்டும். சண்டை போட வேண்டுமென்றால்கூடப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழையபடி அவரிடம் பேச முடியும் என்று எனக்குத் தோன்றியது. பேச்சு அறுந்து போய் வெகு நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாயில் பாட்டு வரும், மனசில் ஒன்றும் வராது.

ஒருநாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"உள்ளே என்னம்மா பண்றே? தண்ணி விழுற சத்தமே காணோம்," என்றார் மாமியார்.

"ஜெபம் பண்றேன், அத்தை."

"அங்கேயா? கர்த்தரே. வெளியே வா. கடைக்காரர் சம்சாரம் காத்திட்டிருக்காங்க."

வெளியே வந்தேன். அன்று மாலை நாத்தனார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் கணவரும் சிரித்தார். அவர் ஒரு ஆலையில் குமாஸ்தா, சாதுவான மனிதர். நான் சிரிக்காததைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் ஆலயம் நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆலமரம் நிற்கிற பெரிய வளாகம், தடித்த கல் சுவர், உயரமான கூரை. ஞாயிறு ஆராதனை முடிந்தால் பூட்டுகிற பூட்டை அடுத்த ஞாயிறுதான் திறப்பார்கள். வாரம் முழுக்க அந்த அமைதி அப்படியே யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. சாவி சபைச் செயலாளரிடம் இருந்தது. ஓய்வு பெற்ற அதிகாரி, கண்டிப்பான மனிதர். ஜெப வீரர் என்று சபையில் பெயர். மாதம் ஒருமுறை சாமுண்டி மலைக்கு அப்பால் ஏதோ பாறைப் பக்கம் தனியாகப் போய் உபவாசம் இருந்து ஜெபிப்பார். அடுத்த ஞாயிறு அதைச் சாட்சியாகவும் சொல்வார். "ஆண்டவரோடு தனிமையில் இருங்கள்" என்று எங்களுக்குப் புத்தி சொல்வார்.

ஆகவே அவரிடம் போய்க் கேட்பதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வாசலில் பூட்டோடு நின்றவரிடம் கேட்டேன்.

"ஐயா, வாரத்துல ஒருநாள் மத்தியானம் கொஞ்ச நேரம் ஆலயத்துல உட்கார்ந்து ஜெபிக்கணும். சாவி தர முடியுமா? நானே பூட்டிக் கொண்டுவந்து தந்துடுவேன்."

"யார் யார் வர்றீங்க?"

"நான் மட்டும்தான்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "பெண்பிள்ளைக்கு எதுக்கு சிஸ்டர் தனி ஜெபம்? பெண்கள் ஐக்கியக் கூட்டம் இருக்கே, அதுக்கு வாங்க. பூட்டின கட்டடத்துக்குள்ளே ஒரு பொம்பளை தனியா இருக்கான்னா வெளியே நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"ஆண்டவரே தனியான இடமா தேடிப் போய்த்தானே ஐயா ஜெபிச்சார்?"

"அவர் ஆம்பிளை," என்றார் செயலாளர், பூட்டை இழுத்துப் பார்த்தபடி.

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு உடம்பு சூடாகிறது. கேலிக்காகச் சொல்லவில்லை அவர். நிஜமாகவே அதுதான் பதில் என்று நினைத்தார். படித்தவர், வேதத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். உலகத்துக்கே இரட்சகர் என்று பிரசங்கிக்கிறவரைச் சாவி விஷயம் வந்ததும் ஒரே வார்த்தையில் ஆண்கள் பக்கம் சேர்த்துவிட்டார். பக்கத்தில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து, மௌனத் தியான முகாம் என்று ஆலயத்தில் அறிவித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் இருக்கும் விடுதியில் மூன்று நாள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து நடத்துகிறார். சகோதர சகோதரிகள் அனைவரும் வரலாம். "சகோதரிகள்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. தோழியிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். மாமியார் முணுமுணுத்தார். கணவர், "போய்ட்டு வா. குழந்தையை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

விடுதி வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள்: இங்கே மௌனம் காக்கவும். தோப்பு அவ்வளவு குளிர்ச்சி. ஆண்கள் ஆளுக்கொரு மரத்தடியில் பாய் விரித்து, வேதப்புத்தகத்தை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ஒரு மரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதற்குள் செயலாளர் வந்து, "சிஸ்டர்ஸ் எல்லாம் இந்தப் பக்கம்" என்று விடுதிக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

பின்னால் சமையலறை. உள்ளே பெரிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரையில் பீன்ஸும் கத்தரிக்காயும் குவிந்து கிடந்தன. முகாமுக்கு வந்த எல்லாப் பெண்களும் அங்கே இருந்தார்கள். ஒருவர் தேங்காய் துருவினார், ஒருவர் அரிசி களைந்தார். பொறுப்பு, செயலாளரின் மனைவிக்கு. எனக்கு ஒரு கத்தியும் பலகையும் கொடுத்தார்.

"அக்கா, நாம எப்போ தியானத்துக்குப் போவோம்?" என்று கேட்டேன்.

"சமையல் முடியட்டும்."

"முடிஞ்ச பிறகா?"

"முடிஞ்சா பரிமாறணும். அப்புறம் பாத்திரம் இருக்கு. அப்புறம் காபி. அதுக்குள்ளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உலை வைக்கணும் இல்லையா?" அலுப்போ வருத்தமோ இல்லாத குரல். "வருஷா வருஷம் இப்படித்தாம்மா. எத்தனை தடவை வந்திருக்கேன். அந்தத் தோப்புக்குள்ளே நான் காலே வச்சதில்லே."

நான் கொஞ்ச நேரம் பீன்ஸ் நறுக்கினேன். கை நறுக்கியது, நெஞ்சு கொதித்தது. முகாமின் அறிவிப்பில் எங்களையும் கூப்பிட்டது இதற்குத்தானா? சமையலுக்கு ஆள் வேண்டும் என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பேன், ஒருவேளை வராமல் இருந்திருப்பேன். ஆண்டவரோடு தனித்திருக்கலாம் வாருங்கள் என்று அழைத்து உலை முன்னால் நிறுத்துவது என்ன நியாயம்? கத்தியைக் கீழே வைத்தேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க வெளியே நடந்தேன். பார்த்து வைத்திருந்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தேன். பாய் இல்லை, மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

செயலாளர் வந்தார். குனிந்து, "சிஸ்டர், அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்றார், கிசுகிசுப்பாக. நான் வாயைத் திறக்காமல் பலகையைச் சுட்டிக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. போய்ப் பிரசங்கியாரைக் கூட்டி வந்தார். பிரசங்கியார் குரல் கனிவான குரல்.

"சமையலறையில ஆள் போதலையாம், சிஸ்டர். சாப்பாடு பண்றதும் ஆண்டவருக்குச் செய்யற ஊழியம்தானே?"

அதற்குமேல் மௌனம் காக்க என்னால் முடியவில்லை. "அப்படின்னா அந்த ஊழியத்துல நீங்களும் கொஞ்சம் பங்கு எடுத்துக்குங்க ஐயா. பீன்ஸ் நறுக்காம கிடக்குது," என்றேன். "வேதத்துல வர்ற அந்த ரெண்டு சகோதரிகளோட வீட்டுக்கு ஆண்டவர் போனப்போ, காலடியில உட்கார்ந்து கேட்டவளை அவர் எழுப்பி அடுப்படிக்கு அனுப்பல. நல்ல பங்கை அவ தேர்ந்தெடுத்துக்கிட்டான்னுதான் சொன்னார். நீங்க அனுப்பறீங்க."

பக்கத்து மரத்தடிகளில் தலைகள் திரும்பின. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். பிரசங்கியார் திரும்பிப் போய்விட்டார்.

இதில் எனக்கு வெற்றி ஒன்றும் இல்லை. மரத்தடி கிடைத்ததே தவிர ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் செயலாளர் முகம், திறந்தால் என்னைப் பார்க்காத மாதிரி பார்க்கும் ஆண்கள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை நினைக்க முடியவில்லை. கோபம் அந்த இடத்தையும் நிரப்பிவிட்டது. அன்று சாப்பாடு தாமதமானது, அதற்குக் காரணமும் நான்தான் என்று ஆனது. மறுநாள் காலையில் செயலாளர் வந்து, "உங்களுக்கு உடம்புக்கு முடியல போல. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஒருவரைத் துணைக்கு அனுப்பி பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளுக்கு எழுந்த செயலாளர், முகாம் ஆசீர்வாதமாக நடந்ததாகச் சொன்னார். பிறகு, "தாயை இழந்த துக்கத்துல மனசு கலங்கிப்போயிருக்கிற நம்ம சகோதரிக்காக எல்லாரும் ஜெபத்தில் நினைச்சுக்குங்க" என்றார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் என் பக்கம் திரும்பின.

சாவி கேட்டால் நாலு பேர் பேசுவார்கள். மரத்தடியில் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லை. வாய் திறந்து நியாயம் கேட்டால் மனசு கலங்கிவிட்டது. அதற்கும் ஜெபத்தையே எடுத்து என் மேல் போர்த்தினார்கள். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தபோது, ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நிற்பது தெரிந்தது. என் கணவர். சபையில் அவர் குரலை அதுவரை பாட்டில்தான் கேட்டிருக்கிறார்கள்.

"என் சம்சாரத்துக்கு மனசு ஒண்ணும் கலங்கலைங்க," என்றார். "அவ ஆலயத்துச் சாவி கேட்டா. நீங்க குடுக்கல. நடந்தது அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். ஆர்மோனியக்காரர் எதற்கோ ஒரு கட்டையை அழுத்தி நிறுத்தினார்.

போதகர் வயதானவர், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். சண்டை சச்சரவு எதுவும் வேண்டாம் அவருக்கு. ஆராதனை முடிந்ததும் எங்களையும் செயலாளரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். செயலாளரின் மனைவியும் கூட வந்து கதவோரமாக நின்றார். நான் கேட்டதையே மறுபடி கேட்டேன். வாரத்தில் ஒருநாள், மத்தியானம், கொஞ்ச நேரம்.

போதகர் நெற்றியைத் தடவினார். "குடுக்கலாம். ஆனா ஒத்தைப் பொம்பளையா வேண்டாம்மா. ரெண்டு பேராவது இருங்க. சபைக்குப் பேர் கெடக் கூடாது."

"ஆண்களுக்கும் இதே சட்டமா ஐயா?"

செயலாளர், "இவங்களோட யார் வரப் போறாங்க?" என்றார்.

"நான் வர்றேன்," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

செயலாளர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அக்கா இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. "புதன்கிழமை எனக்குத் தோதுப்படும். சாவி நம்ம வீட்டுலதானே இருக்கு, நானே எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

முதல் புதன்கிழமை காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஆலயத்துக்குப் போனேன். அக்கா முன்பே வந்து திறந்து வைத்திருந்தார். உள்ளே அடைத்துக் கிடந்த வெக்கையும், பழைய மரப்பெஞ்சுகளின் வாசனையும் இருந்தன. மார்க்கெட் சத்தம் கல் சுவருக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் நின்றுவிட்டது. "நீ முன்னாடி போய் உட்காரு. நான் கடைசிப் பெஞ்சுல இருக்கேன். உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார் அக்கா.

முன் பெஞ்சில் மண்டியிட்டேன். நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. ஏன் எடுத்தீர் என்று கேட்கத்தான் வந்தேன். கேட்கவும் கேட்டேன். உரக்கவே கேட்டேன். பிறகு இந்த மனிதர்களைப் பற்றி அவரிடம் புகார் சொன்னேன். உம்மிடம் வருவதற்கு எனக்கு எத்தனை பேரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது பாரும் என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அம்மா ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டியூட்டிக்கு நேரமாச்சே, நீ கிளம்பு" என்று சொன்ன முகம். பெஞ்சில் நெற்றியை வைத்து அழுதேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. யாரும் பாடவில்லை. அழுது முடிந்ததும், வெகு நாளாக அறுந்து கிடந்த பேச்சு திரும்ப ஒட்டிக்கொண்டது தெரிந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது என்று சொல்ல மாட்டேன். எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தது. நாளெல்லாம் லைன் பார்க்கிற எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

எழுந்து திரும்பியபோது அக்கா கடைசிப் பெஞ்சில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. வெளியே வந்து பூட்டும்போது, "எனக்கு என்ன ஜெபிக்கறதுன்னே தெரியல. சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை" என்றார். அவருக்கு என்ன துக்கம் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமைகள் தொடர்ந்தன. கொஞ்சம் கொஞ்சமாக வேறு பெண்களும் வந்தார்கள். முகாமில் தேங்காய் துருவியவர் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்த நாத்தனார்கூட ஒருநாள் வந்து, தூணோரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆளுக்கொரு பெஞ்சு, இஷ்டப்பட்ட நேரத்தில் வருவது, முடிந்ததும் போவது.

இது சபைக் கமிட்டிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பெண்கள் கூடுகிறார்கள், வழிநடத்த ஆள் வேண்டாமா என்று பேச்சு எழுந்தது. புதன்கிழமையை முறையான பெண்கள் ஜெபக்கூட்டமாக ஆக்கிவிடலாம், மைக் வைத்துவிடலாம், வாரம் ஒரு சகோதரர் வந்து செய்தி கொடுப்பார் என்று தீர்மானித்து, செயலாளர் வந்து எங்களிடம் சொன்னார். எங்களுக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார். முதலில் தனியாக வராதே என்றார்கள். சேர்ந்து வந்தால் தலைவர் வேண்டும் என்கிறார்கள். பெண் வாயை மூடிக்கொண்டு ஆண்டவர் முன்னால் உட்கார்ந்திருப்பது இவர்களை ஏன் இத்தனை பயமுறுத்துகிறது என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். மற்றப் பெண்கள் எல்லோரும் பின்னால் நிற்க, தன் கணவரிடம் நிதானமாகச் சொன்னார்:

"மைக்கெல்லாம் வேண்டாங்க. யாரும் வந்து பேசவும் வேண்டாம். பேசறதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கே."

செயலாளர் படியிறங்கிப் போனார். நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.